வேப்பமரத்துக்குக் காவி அடித்த வருடம்

இராஜபாளையம்,
29-12-1989

மரியாதைக்குரிய மச்சான், ஏட்டு சேதுபதி அவர்களுக்கு,

உங்கள் தங்கை வெள்ளத்தாயின் கணவனும் ஓய்வு பெற்ற ஹவில்தாருமான சீனிச்சாமி வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நான், வெள்ளத்தாய், மகள் செல்லக்கனி மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மதுரையில் தாங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். நான் பட்டாளத்தை விட்டு வந்து நாளை மறுநாளோடு ஒரு வருடம் முடிகிறது. இருபத்துநாலு வருடச் சர்வீஸில் எனக்குக் குழப்பம் என்று ஒன்று வந்ததில்லை. எதிரி எந்தப் பக்கம் இருக்கிறான் என்பதை மேலே இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். இந்த ஒரு வருடத்தில் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. தாங்கள் போலீஸ். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு யார் மேல் தப்பு என்று சொல்லுங்கள்.

போன வருடம் டிசம்பர் முப்பத்தொன்றில் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு ரயிலை விட்டு இறங்கினேன். ஸ்டேஷனிலேயே ஒருவர், "வாங்க வாங்க, எத்தனை நாள் லீவு?" என்றார். "லீவு இல்ல, இனிமே போகல" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். தெருவுக்குள் நுழைந்தால் பக்கத்து வீட்டு அங்காளம்மாள், "எப்ப வந்தீக, எப்ப போறீக?" என்றாள். அவளிடமும் அதையே சொன்னேன், அவளும் சிரித்தாள். வீட்டிலும் அதே கதைதான். லீவில் வரும்போது எனக்கென்று எடுத்து வைக்கிற பெரிய டம்ளரில் காப்பி, புதுப் பாய், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழி. பொங்கல் முடிந்தது, தை முடிந்தது. லீவுக்கணக்குப்படி நான் கிளம்பியிருக்க வேண்டிய நாள் வந்ததும் கோழி நின்றுவிட்டது, பெரிய டம்ளர் பரணுக்குப் போய்விட்டது. வெள்ளத்தாயும் அதற்குப் பிறகு என்னை என்ன செய்வது என்று தெரியாதவள் மாதிரி நடந்துகொண்டாள். தாங்கள் அறிந்ததுதான், அவள் பேண்டேஜ் துணி கம்பெனியில் பத்து வருடமாக வேலை பார்க்கிறாள். காலை ஏழே காலுக்கு டவுன் பஸ் ஏறினால் சாயங்காலம் ஆறுக்குத்தான் வருவாள். செல்லக்கனி டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போய்விடுவாள். நடுவில் பதினொரு மணி நேரம் நானும் வாசலில் நிற்கிற வேப்பமரமும்தான்.

அப்படி ஒரு மாசி மாதத்துப் பகலில்தான், மச்சான், நான் அந்த மரத்துக்குக் காவி அடித்தேன். பட்டாளத்தில் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் மரத்துக்கு அடியில் காவியும் அதற்கு மேல் சுண்ணாம்பும் அடிப்போம், பாதையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளை பூசுவோம். கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். கடையில் காவி கொஞ்சமாகத்தான் கிடைத்தது. முழுதும் அடிக்கப் போதாது என்று தெரிந்ததும், மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக இழுத்து இடைவெளியைச் சுண்ணாம்பால் நிரப்பினேன். மரத்தடியில் கிடந்த பழைய துவைகல்லையும் நிமிர்த்தி வைத்து வெள்ளையடித்தேன். தள்ளி நின்று பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பல் விளக்க வெளியே வருகிறேன், துவைகல்லின் நெற்றியில் குங்குமப் பொட்டு. கல்லுக்கு நெற்றி இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முன்னால் அங்காளம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"ஆச்சி, இது துவைகல்லு. நாந்தான் நேத்து வெள்ளையடிச்சேன்."

"யாரு அடிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. சும்மா தோணுச்சு."

"தோணுச்சுல்ல? தோண வச்சது யாரு?"

மச்சான், நீங்கள் எத்தனையோ பேரை விசாரித்திருப்பீர்கள், தோண வைத்தது யாரென்று நீங்களே சொல்லுங்கள். நான் பல் விளக்கப் போய்விட்டேன். அன்று மத்தியானமே, நாலு நாளாகக் காணாமல் போயிருந்த அவளுடைய ஆடு தானாகத் திரும்பி வந்துவிட்டது. ஆடு என்றால் போகும், வரும். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மரத்தில் ஏழு மஞ்சள் கயிறு தொங்கியது. அடுத்த செவ்வாய் எண்ணவே முடியவில்லை. எலுமிச்சம்பழ மாலை, சூடம், விளக்கு. சித்திரை பிறந்ததும் நான் என் வீட்டுக்குள் நுழையும்போது முன்பின் தெரியாத ஒரு அம்மாள், "செருப்பக் கழத்திட்டு வாங்கய்யா, சாமி இருக்குல்ல" என்று என்னை அதட்டினாள். கழற்றினேன். இந்தச் சத்தமே வேண்டாம் என்று செவ்வாய்க்கிழமைகளில் அய்யனார் கோவில் பஸ்ஸில் ஏறி, அருவிப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு வர ஆரம்பித்தேன். ஒரு நாள் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "உங்க தெருவுலதான பட்டாளத்தம்மன் கோயிலு? ரொம்ப சக்தின்னு சொல்லுதாகளே" என்கிறார். என் வீட்டு மரத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குக் கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது, என்னை எல்லோரும் எப்போது போவாய் என்று கேட்கிறார்கள். அந்த அம்மன் வந்து மூன்று மாதம்தான். அதை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

வெள்ளத்தாயிடம் கேட்டேன். "நீங்கதான பட்டை இழுத்தீக, எங்கிட்ட கேட்டா?" என்றுவிட்டு டிபன் கேரியரைக் கழுவப் போய்விட்டாள். சரி, விஷயம் தெரிந்தவரிடம் கேட்போம் என்று ஆனி கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். என்னோடு பத்தாவது வரை படித்த யதிராஜன் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். ஆண்டாள் கோயிலில் பரம்பரையாகக் கைங்கரியம் பார்க்கிற குடும்பம். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஓய், நீர் அடிச்சது பெயிண்ட். அவா பார்த்தது கோயில் சுவர். ரெண்டும் ஒரே காவிதான். இதுல எது பொய்யின்னு நான் சொல்லட்டும்?" என்றார். "அப்ப அது சாமியா இல்லையா?" என்றேன். "எனக்கே இப்போ குழப்பமாத்தான் இருக்கு" என்றார். ஒருவனாகக் குழப்பத்தோடு பஸ் ஏறிப் போனேன், இரண்டு பேர் குழம்பியதுதான் மிச்சம்.

கடைசியில் நானே ஒரு முடிவெடுத்தேன். ஆடி மாதம் இரண்டாவது திங்கள்கிழமை, எல்லோரும் வேலைக்குப் போனபிறகு, கம்பி பிரஷ்ஷை எடுத்து மரத்தைச் சுரண்டினேன். காவிப் பட்டை போய்விட்டால் கூட்டமும் போய்விடும் என்பது என் திட்டம். மறுநாள் காலையில் எனக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். சாயங்காலம் உடம்பெல்லாம் கொப்புளம். அம்மை! கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, தெருவில் பத்து நாளாகவே நாலு வீட்டில் இருக்கிறது, எனக்கும் ஒட்டிக்கொண்டது என்று தெளிவாகத்தான் சொன்னார். அவர் சொன்னதை யார் கேட்டார்கள்? தெருவே திரண்டு வந்து வாசலில் நின்று, "சுரண்டுனாகளாம்ல, சுரண்டுனாகளாம்ல" என்று பேசியது உள்ளே படுத்திருந்த எனக்குக் கேட்டது. வெள்ளத்தாய் கம்பெனிக்குப் பத்து நாள் லீவு போட்டாள். அந்த மரத்து இலையையே பறித்து வந்து எனக்குப் படுக்கை விரித்தாள், இளநீர் கொடுத்தாள், விசிறிக்கொண்டே கம்பெனிக் கதையெல்லாம் சொன்னாள். யார் துணியை நன்றாக மடிப்பாள், யார் திருட்டுத்தனமாகத் தூங்குவாள், மேனேஜர் எப்படி மூக்கால் பேசுவார் என்று. நான் சிரித்தால் கொப்புளம் வலிக்கும், அதற்காக அவள் நிறுத்தவும் மாட்டாள். மச்சான், உங்களிடம் சொல்வதற்கு என்ன, கல்யாணமாகி இருபது வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பத்து நாள் அது. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவள் வேலைக்குப் போய்விட்டாள். நான் எழுந்து போய் இரண்டு கிலோ காவி வாங்கி வந்து மரத்துக்குப் பழையபடி பட்டை இழுத்தேன். ஏன் இழுத்தேன் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை முறைப்படுத்த வேண்டியதாகிவிட்டது. ஒருவர் மேல் ஒருவர் விழுந்து விளக்கைத் தட்டிவிட்டால் தீப்பிடிக்காதா? கயிறு கட்டி ஆண், பெண் வரிசை பிரித்தேன், குடிக்கத் தண்ணீர் வைத்தேன், முடியாதவர்களை முன்னால் விட்டேன். நான் சொன்னால் நிற்கிறார்கள், நகரச் சொன்னால் நகர்கிறார்கள். ஆனால் வரிசையில் நின்றுகொண்டே, "எப்ப போறீக?" என்று கேட்பதை மட்டும் விடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகை கடைசியில் தெருக்காரர்கள் என் வாசலிலேயே கூடி, வருகிற பங்குனியில் பட்டாளத்தம்மனுக்குப் பொங்கல் வைப்பது பற்றிப் பேசினார்கள். நான் தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தேன். ஒருவர் வெள்ளத்தாயிடம், "வீட்டுக்காரவுக பங்குனி வரைக்கும் இருப்பாகளா? இருந்தா ஒரு பொறுப்பு குடுக்கலாம்" என்று கேட்டது காதில் விழுந்தது. அதற்கு வெள்ளத்தாய், "தெரியலையே. அவியகிட்டதான் கேக்கணும்" என்றாள். ஒரு வருடம் ஒரே வீட்டில் இருந்தபிறகு, மச்சான்! அதுவும் போகட்டும். ஒன்றரை மாதமாக அவள் அரை மணி நேரம் தாமதமாக வருகிறாள். அம்மாவும் மகளும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசுகிறார்கள், நான் போனால் சட்டென்று உப்பு, புளி என்று பேச்சை மாற்றுகிறார்கள். நான் எப்போது கிளம்புவேன் என்றுதான் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஆகவே பழைய சிப்பாய்களை ஆயுதக் கிடங்குகளுக்குக் காவல் வைக்கிற படையில் மறுபடி சேர அர்ஜி எழுதிவிட்டேன். ஜபல்பூர் கிடைக்கலாம். இந்தக் கடிதத்தோடு அதுவும் இன்று தபாலில் போகிறது. வரும் வருடத்தை நான் அங்கே கழிப்பேன், இவர்கள் இங்கே நிம்மதியாக இருக்கட்டும். தாங்கள் பொங்கலுக்கு அவசியம் வந்து, உங்கள் தங்கையைத் தனியாக விசாரித்து, நான் போவதில் அவளுக்குச் சந்தோஷமா இல்லையா என்பதை மட்டும் கேட்டுச் சொல்லவும். நான் கேட்டால் அவள் டிபன் கேரியரைக் கழுவப் போய்விடுகிறாள்.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். புது வருடம் உங்கள் எல்லோருக்கும் நல்லபடியாக விடியட்டும்.

இப்படிக்கு,
வேறு வழி தெரியாத,
கு. சீனிச்சாமி, ஹவில்தார் (ஓய்வு)

பின்குறிப்பு: அண்ணே, வெள்ளத்தாய் எழுதுறேன். கவர ஒட்டித் தபால்ல போடுன்னு எங்கிட்ட குடுத்தாக, படிக்காதன்னும் சொன்னாக, அதனால படிச்சேன். இவிய எழுதுனதுல அம்மை போட்டது மட்டுந்தான் நெசம், மத்த எதையும் மனசுல வச்சுக்கிடாதீக. போன மாசம் பென்ஷன் விஷயமா ஒரு செவ்வாய்க்கிழம மதுரைக்கு வந்தாகள்ல, அன்னைக்கு வந்த பொம்பளைக அம்புட்டுப் பேரும், "பட்டாளத்தார் எங்க?"ன்னு கேட்டு எங்க உசுர எடுத்துட்டாக. நானும் செல்லக்கனியும் குசுகுசுன்னு பேசுறது வேற சங்கதி. எங்க கம்பெனி கேட்டுல காவலுக்கு இருந்த பெரியவரு வயசாயிருச்சுன்னு வேலைய விட்டு நின்னுக்கிட்டாரு. பட்டாளத்து ஆள் வேணும்னு முதலாளி சொன்னதும் நான் இவிய பேரச் சொல்லிட்டேன். தை அஞ்சாந்தேதி வரச் சொல்லிட்டாரு. செவ்வாய்க்கிழம வாரலீவுன்னும் கேட்டு வாங்கிட்டேன். பங்குனிக்கு இருப்பாகளான்னு கேட்டப்ப, இந்தச் சங்கதிய இவியகிட்டச் சொல்லாம நான் என்னன்னு சொல்ல? இதுல ஒரு சிக்கல் இருக்குண்ணே. கார்த்திகையில இருந்து என்னைய சூப்பர்வைசராப் போட்டிருக்காக. அதான் வீட்டுக்கு வர நேரமாகுது. கேட்டுல நிக்கிற ஆளு காலையில சூப்பர்வைசருக்கு சல்யூட் அடிக்கணும்கிறது கம்பெனி சட்டம். அத இவியகிட்ட எப்படிச் சொல்லன்னுதான் ஒன்றரை மாசமா முழிக்கோம். அர்ஜியப் போடல, இந்தக் கடுதாசிய மட்டும் போடுறேன். நீங்க வந்து பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. மொத நாளைக்கு மட்டும் ஒருவாட்டி அடிச்சாப் போதும்ணே. பொறவு நான் பின்வாசல் வழியாப் போயிக்கிடுதேன்.