ஏழாம் நம்பர் டப்பா

இருபது வருஷமாகக் கர்ப்பிணிகளின் சிறுநீரகத்தைக் கரைத்துக் குடித்த மனுஷனுக்கு, எதிரில் நிற்கிறவளைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லையே என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றபடி நினைத்தாள். கழிப்பறை தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது.

பேராசிரியர் சிறுநீரில் நனைத்த சோதனைப் பட்டையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். நீலமாக இருந்திருக்கவேண்டியது பச்சையாக இருந்தது.

"என்னம்மா இது? ஏழாம் நம்பர் டப்பால சர்க்கரை!"

ஏழாம் நம்பர் அவள்தான். அவருடைய ஆய்வில் கர்ப்பிணிகள் ஒரு பக்கம். ஒப்பிட்டுப் பார்க்கக் கர்ப்பமில்லாத பெண்கள் இன்னொரு பக்கம். ஆள் போதவில்லை என்று ஆய்வக உதவியாளரான அவளையும் இரண்டாவது பட்டியலில் சேர்த்திருந்தார். சேர்த்தபோது அது உண்மை. இப்போது மூன்றாவது மாதம்.

சொல்லியிருக்கலாம். போன வருஷம் இதே இடத்தில் இருந்தவள் சொன்னாள். "லீவுல போறவங்களை வெச்சுக்கிட்டு நான் பிரசவத்தைப் பத்தி எப்படிம்மா ஆராய்ச்சி பண்றது?" என்று கேட்டு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் அனுப்பிவைத்தார். இவளுடைய ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

"டப்பாவை ஒழுங்காக் கழுவியிருக்க மாட்டே. மறுபடி குடு."

பட்டை வெளுக்கட்டும் என்று அவள் ஒரு கூஜா தண்ணீரைக் குடித்தாள்.

"இதென்ன, குழாயில பிடிச்சியா?" என்றார் அவர்.

டப்பா குப்பைக்குப் போனது. தண்ணீர் மட்டும் தன் வேலையை விடவில்லை.

"இது அஞ்சாவது தடவை! வேலைக்கு வர்றியா, ஓட்டப்பந்தயத்துக்கு வர்றியா?"

"வெயில் சார்."

"ஏ.சி. ஓடுது." பிறகு அவருக்கே பிடித்தமான குரலுக்கு மாறினார். "கவனி. கர்ப்பத்துல ஹார்மோன் ஏறினதும் சிறுநீரகம் ஒண்ணரை மடங்கு வடிகட்டும். அந்த வேகத்துல வர்ற சர்க்கரை முழுசையும் குழாய்ச் செல்களால திருப்பி இழுத்துக்க முடியாது. கொஞ்சத்தை நழுவ விட்டுடும். ரத்தம் சரியா இருக்கும், சிறுநீர்ல மட்டும் சர்க்கரை எட்டிப் பாக்கும். அடிக்கடி போகத் தோணும். உன் ரத்தமும் சரியாத்தான் இருக்கு. உனக்கு ஏன்மா இப்படி?"

"தெரியலையே சார்," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

தாழ்வாரம் துடைக்கிற அக்கா வாளியை நகர்த்தி வழிவிட்டாள். "மெதுவாப் போம்மா, ஈரம். இந்த மாசத்துல வழுக்கக் கூடாது." அக்காவுக்கு எந்தப் பட்டையும் தேவைப்பட்டிருக்கவில்லை.

புதன்கிழமை பேராசிரியர் பட்டைகள் மொத்தத்தையும் தூக்கியெறிந்து புதுசு வாங்கினார். புதுசு இன்னும் பளிச்சென்று பச்சை காட்டியது. வியாழக்கிழமை காலையில் கைப்பைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"யாரையும் நம்பிப் பிரயோஜனமில்ல. வீட்லேர்ந்தே கொண்டு வந்துட்டேன். என் மனைவியோடது. அவளுக்குக் கர்ப்பமெல்லாம் கிடையாது, எனக்குத் தெரியாதா?"

பட்டையை நனைத்தாள். பச்சையைத் தாண்டி, பழுப்பில் போய் நின்றது.

ஒரு நிமிஷம் அவர் முகம் செத்துவிட்டது. அடுத்த நிமிஷம் பல்பு எரிந்தது. எந்தக் குழியில் விழுந்தாலும் அதை மேடை என்று நினைத்து ஏறி நிற்பார், அவளுக்குப் பழக்கம்தான்.

"கண்டுபிடிப்பும்மா இது! கர்ப்பமே இல்லாதவங்களுக்கும் இந்தச் செல்கள் இப்படி நடந்துக்குது! உலகத்துல எவனுக்கும் தெரியாது!"

"இந்த டப்பாவுக்கு ரத்தம் எடுத்துப் பாக்கலையே சார்?"

"அதெல்லாம் அப்புறம்."

பத்து நிமிஷத்தில் ஒரு தாள் தயாரானது. டப்பா கொடுத்த இருவரும் கர்ப்பமில்லாத பெண்கள் என்று உதவியாளர் சான்றளிக்கிறார். பக்கத்திலேயே அவளுடைய ஒப்பந்தத் தாளையும் வைத்தார்.

"நீ இதுல போடு. நான் அதுல போடறேன்."

பேனா கைக்கு வந்தது. இத்தனை நாளும் ஒளிவது சுலபமாக இருந்தது; அவர் கண்ணுக்கு எதிரில் நின்றாலே போதும். ஆனால் சொல்லாமல் இருப்பது வேறு. உள்ளே யாரும் இல்லை என்று தன் கையாலேயே எழுதிக்கொடுப்பது வேறு. இன்னும் அசையக்கூட ஆரம்பிக்காத ஒன்றிடம் முதல் பேச்சே அதுவாக இருக்கவேண்டுமா?

பேனாவை மூடி வைத்தாள்.

"நான் போடல சார்."

"ஏன்?"

"ஏழாம் நம்பருக்கு மூணு மாசம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், கடைசியில் பச்சைப் பட்டையைப் பார்த்து நம்பினார்.

"ஏமாத்துக்காரி! போ, நாளையோட கிளம்பு. உன் டப்பா போனா என்ன, என் மனைவியோட டப்பா இருக்கு. என் கண்டுபிடிப்புக்கு அது ஒண்ணு போதும்!"

வாசலில் துடைப்பத்தோடு நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா தொண்டையைக் கனைத்தாள்.

"சார், உங்க வீட்டம்மா கீழ பெட்டியோட நிக்கிறாங்க. பதினஞ்சு நாளா அம்மா வீட்ல இருந்துட்டு இப்பத்தான் ஊர்லேர்ந்து நேரா வர்றாங்களாம். வீட்டுச் சாவி கேக்கறாங்க."

பேராசிரியரின் கை தானாகவே போய் டப்பாவை மூடிக்கொண்டது. அக்கா பழுப்புப் பட்டையை ஒரு பார்வை பார்த்தாள், அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்ப சாருக்கு எத்தனாவது மாசம்?"