‘ஒரு யோக்கியமான வீடு’: தலைப்பின் மகத்துவம்

மனித குலம் இதுவரை கூட்டிய கூட்டங்களிலேயே மகத்தானது, 1893 நவம்பரில் லண்டன் கிராண்டிசன் அரங்கில் நடந்த ‘தலைப்பு ஆலோசனைக் கூட்டம்’தான். இதைச் சொல்ல எனக்குப் பூரணத் தகுதி உண்டு. நடிகர்கள் வசனம் மறந்து முழிக்கும்போது பக்கத்திரை மறைவிலிருந்து எடுத்துக்கொடுக்கும் பெக்லர் நான்தான்.

நாடகம் எழுதியவர் மிஸ் டார்கஸ் விட்லோ. ஹாக்னியில் பள்ளிக்கூட டீச்சர். மூன்று அங்க நகைச்சுவை. சமையல்காரி செய்த கேக்கைத் தன்னுடையது என்று சொல்லி எஜமானி கண்காட்சியில் பதக்கம் வாங்கிவிடுகிறாள். குடும்பமே கடைசிவரை தன் யோக்கியதையைப் பற்றிப் பீற்றிக்கொள்கிறது. தலைப்பு: ‘ஒரு யோக்கியமான வீடு’.

எங்கள் முதலாளியும் கதாநாயகனுமான எவரார்ட் டாலிவர் நாடகத்தைப் படிக்கவில்லை. தன் பாகத்தை மட்டும்தான் படித்தார். ஆனால் தலைப்பை முழுசாகப் படித்தார். அதுதான் மேதைமை.

“‘வீடு’ன்னா இங்கிலாந்து. ‘யோக்கியமான’ன்னா நம்ம ஜனங்க. ‘ஒரு’ன்னா?” என்று கேட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்கதான் ஐயா,” என்று எடுத்துக்கொடுத்தேன்.

மிஸ் விட்லோ பதறிப்போனார். “ஐயோ, அது கிண்டலுங்க! அந்த வீட்டுல ஒருத்தர்கூட யோக்கியம் இல்லைங்கறதுதான் விஷயமே!”

“எழுதினதோட உங்க வேலை முடிஞ்சுதும்மா. அர்த்தத்தை எங்ககிட்ட விட்டுடுங்க,” என்றார் டாலிவர்.

இத்தனை அர்த்தமுள்ள தலைப்பைச் சின்ன எழுத்தில் போட முடியுமா? சுவரொட்டியில் ஆள் உயரத்துக்குப் போட்டார்கள். எழுதியவர் பெயருக்கு இடமில்லாமல் போய்விட்டது. டோப்பா செய்தவர் பெயருக்கு இருந்தது.

“என் பேர் தெரியணும் ஐயா,” என்றார் மிஸ் விட்லோ. “என் ரெண்டாவது நாடகம் வேற அரங்கு முதலாளி மிஸ்டர் கிரிம்வுட்கிட்ட இருக்கு. இதை எழுதினது நான்தான்னு தெரிஞ்சா அதைப் போடறேன்னிருக்கார். காட்சிக்கு வரப்போறார். அது போச்சுன்னா ஆயுசு பூரா கரும்பலகைதான் எனக்கு.”

“அட, எதுக்கு இந்தக் கவலை? முடிஞ்சதும் ‘எழுதினவர் வரட்டும்’னு சனம் கத்தும். நீங்க போய்க் குனிஞ்சு வணக்கம் சொல்லுங்க.”

புதியவர்களின் நாடகத்தை ஒரே ஒரு மதியக் காட்சி போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். தேறினால் பிழைக்கும். தேறாவிட்டாலும் சனம் எழுதியவரைக் கூப்பிடும், திட்டுவதற்கு. திரை தூக்குமுன் டாலிவர் என்னைத் தனியே அழைத்தார்.

“பெக்லர், கூச்சல் போட்டா அந்தம்மாவை அனுப்பு. கை தட்டினா யாரையும் விடாதே. நான் பார்த்துக்கறேன்.”

ஆகா, இதுவல்லவா ‘நிர்வாகத் திறமை’!

அன்று சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கடைசியில் அரங்கு இடிந்துவிடும்போல் ஒரே சத்தம்: “எழுதினவர்! எழுதினவர்!” மிஸ் விட்லோ தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓரடி எடுத்து வைத்தார். நான் குறுக்கே கையை நீட்டினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து டாலிவர் நெஞ்சில் கை வைத்தபடி மேடைக்குப் போனார்.

“இந்தத் தலைப்பு என் நெஞ்சுல பொறந்தது,” என்று ஆரம்பித்துப் பதினோரு நிமிஷம் பேசினார். கிரிம்வுட் எழுந்து நின்று கை தட்டினார்.

“மிஸ்டர் பெக்லர், நான் மூணு அங்கம்தானே எழுதினேன்?” என்றார் மிஸ் விட்லோ. “நாலாவது ஒண்ணு நடக்குதே!”

அவர் அழவில்லை. எனக்குத்தான் கேவலமாக இருந்தது.

பத்து நாள் கழித்து, கிரிம்வுட் திருப்பி அனுப்பிய இரண்டாவது நாடகத்தோடு மிஸ் விட்லோ வந்தார். கூடவே கடிதம்: “டாலிவரின் நடையை அப்படியே திருடியிருக்கிறீர்கள். ஒரு டீச்சர் செய்கிற வேலையா இது?”

“முதல் நாடகத்தை நான்தான் எழுதினேன்னு ஒரு வரி எழுதித் தர்றீங்களா?” என்றார். “நீங்க பார்த்தீங்கல்ல?”

அதற்கு முந்தின நாள்தான் என்னை ‘மேடை நிர்வாகி’ ஆக்கியிருந்தார்கள். “யோசிச்சுச் சொல்றேம்மா,” என்றேன்.

இன்று இருநூறாவது காட்சி. எஜமானி பதக்கம் வாங்கும் கட்டத்தில் சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. எங்கள் திருட்டைத்தான் தினமும் நடித்துக் காட்டுகிறோம், யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மிஸ் விட்லோ ஹாக்னியில் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறார்.