எரிந்தால் எடை கூடும்

தூத்துக்குடியில் குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கூட்டிவைத்துப் பொய் சொல்லி, அதற்குக் கைதட்டலும் வாங்கிய ஒரே ஆள் எங்கள் நுரையக்காதான்.

உரக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வேலை. எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் மொட்டை மாடியில் வேதியியல் வரலாறு நடத்துவாள். வாயால் அல்ல, வந்தவர்கள் கையால் செய்ய வேண்டும். பிள்ளைகள் தனியாக வந்தால் திருப்பி அனுப்பிவிடுவாள்.

"அப்பனும் ஆத்தாளும் வந்தாத்தான் சேத்தி. குடுவை கழுவ அப்பன் வேணும்லா?"

எனக்கு ஒரே எரிச்சல். என் துணிக்கொடி அந்த மாடியில்தான் இருந்தது. சட்டையெல்லாம் புகை நாற்றம். கேட்டால், "அண்ணாச்சி, கொடிய ஓரமாக் கட்டுங்க" என்பாள். திமிர்!

ஒருமுறை வினிகரும் சமையல் சோடாவும் அளவு மீறிப் பொங்கி, நுரை படியிறங்கிப் போய்க் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் வெள்ளை வேட்டியை நனைத்தது. நுரையக்கா என்ற பெயர் வந்தது அன்றைக்குத்தான். மாடியைப் பூட்டச் செயலாளர் சமயம் பார்க்கத் தொடங்கியதும் அன்றைக்குத்தான்.

அவள் வழக்கமே கோணல். பழைய விஞ்ஞானிகள் எதைத் தப்பாக நம்பினார்களோ, அதை முதலில் நம்மையும் நம்பவைப்பாள். "எதை எரிச்சாலும் உள்ள இருக்க ஃப்ளோஜிஸ்டன்ங்கிற தீச்சத்து வெளிய போயிரும். அதான் சாம்பல் லேசு" என்று விறகை எரித்து, எடை போட்டும் காட்டினாள். நம்பினோம். அடுத்த வாரம் வந்து, "அது தப்பு. இரும்பை எரிச்சா எடை கூடும்" என்றாள். அடிக்காத குறைதான்.

செயலாளர் பிடித்துக்கொண்டார். "ஏளா, பிள்ளேளுக்குப் பொய்யா சொல்லிக் குடுக்கே? கூடுதான்னு காட்டு. கூடலைன்னா மாடிக்குப் பூட்டுதான்." அவர் நாட்டு மருந்துக் கடைக்காரர். தன் கடைத் தராசையே தூக்கிவந்தார்.

பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் படிக்கல் போட்டுச் சமன் செய்து, தீ வைத்தாள். கடல்காற்று அடித்தது. பாதி நார் பொறியாகப் பறந்தது. நார் இருந்த தட்டு மேலே போய்விட்டது.

"லேசாயிட்டுல்லா! எங்கலே பூட்டு?" என்றார் செயலாளர், காவலாளியைப் பார்த்து.

அக்கா குனிந்து, சிதறிய கரித் துணுக்குகளைப் பொறுக்கத் தொடங்கினாள். அவள் தலை குனிந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓய், காத்து அள்ளிட்டுப் போனா அதையும் எடைல கழிப்பீரோ? உம்ம கடைல இப்படித்தான் நிறுக்கீரா?"

செயலாளரின் மனைவிதான் முதலில் சிரித்தது. "எல்லாரும் காத்த மறிச்சு நில்லுங்க. ஏங்க, நீங்களுந்தான். இங்கன வாங்க."

அப்பன்மாரும் ஆத்தாமாரும் தோளோடு தோள் சேர்ந்து சுவராக நின்றார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செயலாளரும் நின்றார்.

புது நார். சிவப்பு மெல்ல ஊர்ந்தது. நார் கறுத்தது. தட்டு நடுங்கியது. பிறகு இறங்கியது. நன்றாகவே இறங்கியது!

மீன் ஏலக்கூடம் தோற்றது. அப்படி ஒரு கூச்சல்.

"காத்துல உள்ள ஒண்ணு இரும்போட சேந்துட்டு" என்றாள் அக்கா. "இதைப் பாத்துத்தான் ஃப்ளோஜிஸ்டன மூட்டை கட்டுனாங்க."

செயலாளர் தட்டைத் தட்டிப் பார்த்தார். "என் தராசு பொய் சொல்லாதுளா" என்று மாடிச் சாவியை அவள் கையில் கொடுத்தார்.

போன வருஷம் அவளுக்கு வெளியூர் மாற்றல். சாவி இப்போது என்னிடம். துணி காயப்போடத்தான் போகிறேன். கொடியை மட்டும் ஓரமாகக் கட்டியிருக்கிறேன். லீவுக்கு வந்தால் அவளுக்கு நடுவில் இடம் வேண்டாமா?