கரடிக்கு யார் மூக்கு?

கரடிப் படத்தின் மூக்கைக் கொஞ்சம் சப்பையாக்கிவிட்டால் நாத்தனார் மறைந்துவிடுவாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

குடும்பமாக விளையாடும் சீட்டுக்கட்டு. படமெல்லாம் அவள் கைவேலை. காலையில் படங்கள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஆட்டம் எளிது: ஜோடி சேர்ந்த மிருகங்களை இறக்கிவிடலாம். ஜோடியில்லாத சோம்பேறிக் கரடியைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட வேண்டும். கடைசியில் கரடியோடு நிற்பவர் தோற்றவர்.

"கரடிக்கு என் மூக்குதான் கிடைச்சுதா அண்ணி?" என்று நாத்தனார் மத்தியானத்திலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

மூக்கைச் சப்பையாக்கினாள். கணவன் எட்டிப் பார்த்தான்.

"இது நான்தானே?"

"நீங்க இல்லீங்க."

"அப்போ இந்தத் தொப்பை? அடுத்த வீட்டுக்காரனோடதா?"

தொப்பையைக் குறைத்து, முகவாயை நீட்டினாள். மாமியார் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்து பார்த்தாள்.

"இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டதுக்கு என்னைக் கரடியாக்கிட்டே. நல்லா இரும்மா!"

வேண்டுமென்றா வரைந்தாள்? தினமும் சாப்பாட்டு மேஜையில் எதிரே இருக்கும் முகங்கள். விரலில் ஊறிக் கிடந்தன. கைக்கு வேறு முகம் தெரியவில்லை.

கடைசியில் கைக்கண்ணாடியை நிறுத்தி வைத்து, தன்னையே கரடியாக வரைந்தாள். தூங்குமூஞ்சிக் கண், நெற்றியில் விழும் முடி எல்லாம்.

"இப்பதான் சரி" என்றார்கள் மூவரும்.

ஒருவராவது வேண்டாமென்பார்களோ என்று காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய முகம் இந்த வீட்டில் என்னுடையதுதான் போலிருக்கிறது.

மூவரும் ஆடிப் பார்க்க உட்கார்ந்தார்கள். முதல் ஆட்டத்தில் மாமியார் தோற்றாள். அடுத்ததில் கணவன். கரடி வந்த கையை விட்டு நகரவேயில்லை.

"தள்ளிவிடுங்க அத்தை, அதுதானே ஆட்டமே!"

"உன்னை எதுக்கும்மா நான் தள்ளிவிடணும்? இருந்துட்டுப் போ."

"நீங்களாவது?"

கணவன் சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டான். "எனக்கு வந்தது. எங்கிட்டதான் இருக்கும்."

ஒரு தடவைகூடத் தோற்காத நாத்தனார் முகத்தில்தான் ஈயாடவில்லை. கைச்சீட்டுகளைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, பழையபடி என் மூக்கையே வெச்சிடுங்களேன்."

அவள் மைப்புட்டியை மூடினாள்.

"மூக்கை மாத்த மாட்டேன் கண்ணு" என்றாள் மெதுவாக. "ஆட்ட விதியில, கடைசியில கரடியோட நிக்கிறவங்க தோத்தவங்கங்கிறதை வேணா ஜெயிச்சவங்கன்னு எழுதிடறேன்."