கழுவுவதா, மாற்றுவதா

திங்கட்கிழமை காலை கன்னியப்பனின் பிக்கப் வண்டியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு லைட் எரிந்தது. வேறு எந்த வண்டிக்காரனாக இருந்தாலும் பதறிப் போயிருப்பான். கன்னியப்பன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாததுதான் குறை.

காரணம் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்பாக்கத்தில் மச்சான் ராஜவேலின் புதுமனை புகுவிழா. கூடப் பிறந்த அக்கா வந்து பால் காய்ச்சித் தந்த பிறகுதான் புது வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பது அவர்கள் குடும்ப வழக்கம். ராஜவேலுக்கு ஒரே அக்கா. அவள்தான் கன்னியப்பனின் மனைவி தையல்நாயகி. தம்பிக்குச் சீர் செய்ய அவள் ஒரு இரும்பு பீரோ வேறு வாங்கி வைத்திருந்தாள். பீரோவை பஸ்ஸில் ஏற்ற முடியாது. பீரோ போக வேண்டுமானால் பிக்கப் போக வேண்டும், பிக்கப் போக வேண்டுமானால் கன்னியப்பன் போக வேண்டும்.

மச்சான் மேல் அவருக்குப் பகை ஒன்றும் இல்லை. மச்சானின் வாய்க்குத்தான் பயம். வீடு கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து ராஜவேல் ஒவ்வொரு செங்கல்லையும் அவருக்குப் போனில் அறிமுகம் செய்து வைத்திருந்தான். செப்டிக் டேங்க் விஷயம் மட்டும் நாற்பது நிமிடம் ஓடியது. நேரில் போனால் மாடிப்படியில் படிக்குப் படி நிறுத்தி விளக்குவான். மொத்தம் பதினெட்டு படி என்று அவனே சொல்லியிருந்தான்.

ஆகவே கன்னியப்பன் உப்பு மூட்டைக்குப் போடும் தார்ப்பாயை எடுத்து வண்டிக்குப் போர்த்திவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"தையலு, வண்டி போச்சு."

"எங்க போச்சு? வாசல்லதான நிக்குது."

"டி.பி.எஃப். அடைச்சிக்கிச்சு. புகையில வர்ற கரியைப் புடிச்சு வெக்கிற பில்டரு. கரி ரொம்பிப் போச்சு."

"ஓடுதா, ஓடலையா?"

"ஓடுது. ஆனா லைட்டு எரியுது."

"சமையக்கட்டுலகூடத்தான் லைட்டு எரியுது. நான் சமைக்காம இருக்கேனா?"

"இது வேற லைட்டு. பில்டரைக் கழட்டிக் கழுவணும், இல்லேன்னா புதுசு மாத்தணும். எதுன்னு முடிவு பண்ற வரைக்கும் வண்டியைத் தொடக் கூடாது."

"எப்ப முடிவு பண்ணுவீங்க?"

"யோசிக்கணும். அவசரப்பட்டா பெரிய செலவுல இழுத்து விட்டுடும்."

தையல்நாயகி போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். தம்பியிடம் சொல்லி அழப் போகிறாள் என்று நினைத்தபோது கன்னியப்பனுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் திரும்பி வந்தவள் முகத்தில் அழுத அடையாளமே இல்லை.

"யோசிங்க. நல்லா யோசிங்க," என்றாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரை யோசிக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மரியாதை கிடைத்த சந்தோஷத்தில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் கழுவும் கட்சியில் இருந்தார். பழைய பில்டர் என்றாலும் வண்டியோடு கூடப் பிறந்தது, அதைத் தூக்கி எறிய மனசு வருமா என்று சாப்பிடும்போது பேசினார். பேசப் பேச அவருக்கே அது நியாயமாகப் பட்டு, நிஜமாகவே முடிவுக்கு வந்துவிடுவோமோ என்று பயம் வந்துவிட்டது. தையல்நாயகிதான் காப்பாற்றினாள்.

"கழுவினா மறுபடியும் அடைச்சிக்காதா? மாத்திடுங்க."

புதன்கிழமை அவர் மாற்றும் கட்சிக்குத் தாவினார்.

"புதுசு விக்கிற வெலைக்கு ரெண்டு கறவை மாடு வாங்கலாம்," என்றாள் தையல்நாயகி. "கழுவிடுங்க. அண்டாவுல நானே சுடுதண்ணி வெச்சித் தரேன்."

வியாழக்கிழமை அவளே ஒரு சந்தேகத்தையும் எடுத்துக் கொடுத்தாள். கழுவுவதென்றால் குழாய்த் தண்ணியா, நம்ம ஊர்க் கிணற்று உப்புத் தண்ணியா? அந்த ஒரு கேள்வியிலேயே கன்னியப்பனுக்கு இரண்டு நாள் இன்பமாகக் கழிந்தது. இதற்கிடையில் அவர் வழக்கமாக ஏற்றும் உப்பளத்து மூட்டைகளை அதே ஊர் அப்பாதுரையின் டிராக்டர் வாடகைக்கு இழுத்தது. மச்சானின் பதினெட்டு படிகளை நினைத்துக்கொண்டு கன்னியப்பன் அதைப் பொறுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை தையல்நாயகி கேட்டாள்.

"முடிவாச்சா?"

"இன்னும் இல்ல. நீ வேணா பஸ்ல போயேன்."

"பீரோ?"

"அடுத்த வாரம் கொண்டு போயிக் குடுத்துடலாம்."

"அப்ப பாலையும் அடுத்த வாரமே காச்சிக்கட்டும்," என்றாள். குரல் லேசாகக் கம்மியிருந்தது. அது நடிப்பில்லை. கன்னியப்பனுக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. அதை அமுக்க இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு கூனிமேட்டு மெக்கானிக் சேட்டு பாய், டெஸ்ட் பண்ணும் பெட்டியோடு பைக்கில் வந்து இறங்கினார்.

"நான் கூப்புடலையே பாய்," என்றார் கன்னியப்பன்.

"இந்தப் பக்கமா வந்தேன்ணே." பெட்டியை வண்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு பாய் உச்சுக்கொட்டினார்.

"கழுவுறதா பாய், மாத்துறதா?"

"ரெண்டும் வேணாம்ணே."

ஆறு நாள் பாடுபட்டு யோசித்த மனிதனிடம் சொல்லும் பதிலா இது? கன்னியப்பனுக்கு மனசே விட்டுப் போயிற்று.

"உப்பளத்துக்கும் குடோனுக்கும் மூணு கிலோமீட்டரு," என்றார் பாய். "அதுலயும் மாட்டு வண்டி மாதிரி ஊர்றீங்க. பில்டரு சூடே ஆவறதில்ல. நல்ல ரோட்டுல அறுவது ஸ்பீடுக்குக் கொறையாம முக்கா மணி நேரம் ஓட்டுங்க. உள்ள இருக்கிற கரியை அதுவே எரிச்சிக்கும், லைட்டு அணைஞ்சிடும். நடுவுல நின்னா மறுபடியும் மொதல்லேருந்து."

"ஓட்டலேன்னா?"

"இன்னும் கொஞ்சம் அடைச்சா புதுசுதான். இன்னிக்கே ஓட்டிடுங்க."

புதுசு என்றதும் கன்னியப்பன் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். "சரி, பாண்டி பக்கம் போறேன்."

"காலாப்பட்டுல டிராபிக்குல நின்னு நின்னுதான் போவணும். வடக்கால போங்க. பின்னாடி கொஞ்சம் பாரம் இருந்தாலும் நல்லது."

வடக்கே போனால் கல்பாக்கம். கன்னியப்பன் பின்னால் திரும்பினார். தார்ப்பாயை விலக்கியிருந்த வண்டியில், ராத்திரியே ஆள் வைத்து ஏற்றிய பீரோ கயிறு கட்டி நின்றது. தையல்நாயகி பட்டுப் புடவையில், மல்லிகைப் பூவோடு, முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"பாரம் வேணுன்னாருல்ல. நானும் எழுவது கிலோ இருக்கேன்," என்றாள்.

கன்னியப்பன் ஏறி வண்டியைக் கிளப்பினார். வழியில் இருக்கும் கடப்பாக்கம் போவதற்குள் லைட் அணைந்துவிடும், அப்படியே திருப்பிவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தார். கடப்பாக்கம் வந்தது, போனது. லைட் அசையவில்லை.

"பாய் தானா வந்த மாதிரி தெரியலையே," என்றார்.

"நான்தான் இன்னிக்கு வரச் சொன்னேன். திங்கக்கெழமையே கொல்லையில நின்னு போன் பண்ணிட்டேன்."

"ஓட்டினா அணைஞ்சிடுன்னு அன்னிக்கே சொன்னாரா?"

"சொன்னாரு. சும்மா நிறுத்தி வெச்சா ஒண்ணும் ஆவாதுன்னும் சொன்னாரு."

"அப்புறம் ஏன் கழுவு, மாத்துன்னு ஆறு நாளா என்னை அலைக்கழிச்ச?"

"நீங்க முடிவு பண்ணிடக் கூடாதுல்ல."

"திங்கக்கெழமையே சொல்லியிருக்கலாமே தையலு."

"சொல்லியிருந்தா அன்னிக்கே எங்கியாவது ஓட்டி அணைச்சிருப்பீங்க. ஞாயித்துக்கெழமைக்கு வேற காரணம் தேடியிருப்பீங்க. நல்ல காரணமா ஒண்ணு கெடைச்சிது. கெட்டுப் போவாம பாத்துக்கிட்டேன்."

கன்னியப்பனுக்கு இருபத்திரண்டு வருஷத்துக் கோபமும் ஒன்றாகத் திரண்டு வந்தது. இங்கேயே நிறுத்துவது, இறங்குவது, அந்தப் பனைமரத்தடியில் ஒரு முடிவு தெரியும்வரை உட்கார்ந்துகொள்வது என்று தீர்மானித்தார். ஆக்சிலேட்டரிலிருந்து காலையும் எடுத்துவிட்டார். ஆரஞ்சு லைட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

தையல்நாயகி பூவைச் சரிசெய்தபடி மீட்டரை எட்டிப் பார்த்தாள்.

"அம்பத்தெட்டுக்கு வந்துடுச்சிங்க. மிதிங்க."

கன்னியப்பன் மிதித்தார்.