காவலில் இருந்தது நான்தான்

வெள்ளைக்காரன் போட்ட அத்தனை சட்டத்துக்கும் தண்ணி காட்டிய ஒரே ஆள் அயனம்பாக்கம் எருமைக்காரம்மாதான். பூந்தமல்லி கோர்ட்டில் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவகனாக இருந்த என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.

ஏரித் தண்ணீரை யார் வயலுக்கு முதலில் திருப்புவது என்று ஒரு அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டு, ஆளுக்கொரு கேஸ் போட்டார்கள். பார்த்த சாட்சி இவள் ஒருத்திதான். சம்மனோடு நான் போனால், எருமைகளோடு ஏரியில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நிற்பாள்.

"கிட்ட வராத நைனா, காயிதம் நனைஞ்சிடும்!"

எனக்கு நீச்சல் தெரியாது. அது அவளுக்குத் தெரியும். கடைசியில் வாரண்ட் போட்டுத்தான் கூண்டில் ஏற்றினார்கள்.

"யார் முதலில் அடித்தது?" என்றார் மாஜிஸ்திரேட்.

"அத்த மட்டும் கேக்காத சாமி. ரெண்டும் என் எருமைப்பால் குட்ச்சு வளந்த புள்ளைங்க. இன்னிக்கு அட்ச்சிக்கும், நாளைக்கு ஒண்ணாப் பூடும். நான் சொன்னது மட்டும் அப்டியே நின்னுடும்."

"பதில் சொல்லாவிட்டால் ஒரு வாரம் வரை காவலில் வைக்கலாம், தெரியுமா?"

"வையி. என் எருமைங்கள யாரு கறப்பா? அத்தயும் சட்டத்துல பாத்துச் சொல்லு."

கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். அவளை ஜெயிலுக்கு அனுப்ப மனமில்லாத மாஜிஸ்திரேட், கோர்ட் சிப்பந்தி ஒருவரின் காவலில் வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு என்று சொல்லிவிட்டு, நேராக என்னைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவள் வீட்டு மாட்டுக்கொட்டகைதான் எனக்குக் கோர்ட். கைதி முன்னால், எருமைகள் நடுவில், மார்பில் டவாலிப் பட்டை போட்ட நான் சாணிக்கூடையோடு கடைசியில். ஊரே வேடிக்கை பார்த்தது.

"ஒரு வார்த்தை சொல்லிடேம்மா! நம்ம ரெண்டு பேருக்கும் விடுதலை."

"நீ ஊட்டுக்குப் போ நைனா. நான் எங்க ஓடப் போறேன்?"

"போனா என் வேலை போயிடும்!"

"அப்போ இந்தக் கன்னுக்குட்டியப் புடி."

கன்று என்னை இழுத்துக்கொண்டு வைக்கோல்போரைச் சுற்றியபோது அண்ணன்காரன் வந்தான். பின்னாலேயே தம்பியும்.

"எங்களாலதான உனக்கு இந்தக் காவலு?" என்றான் அண்ணன்.

"கறக்கும்போது பேசாத, மாடு மெரளும்" என்றாள், தலை நிமிராமல்.

இருவரும் ஆளுக்கொரு பக்கமாகக் கன்றைப் பிடித்துக் கட்டினார்கள். பிறகு சேர்ந்தே கோர்ட்டுக்கு நடந்து, இரண்டு கேஸையும் ராஜி செய்துகொண்டார்கள்.

அதற்கப்புறம் அந்தப் பக்கம் எனக்கு வேலையே இல்லை. ஆனாலும் லீவு நாளில் அயனம்பாக்கம் வரை நடந்துபோய், அவளிடம் வயிறாரத் திட்டு வாங்கிவிட்டுத்தான் திரும்புவேன்.