தலையின் இடப் பாதி மட்டும்

அன்பும் பணிவும் குறையாத என் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் எங்கள் ஐந்து மாதக் குழந்தை முறைப்புக்காரியும் சுகம். என் தலைமுடி மட்டும் சுகமில்லை. அங்கே நீங்களும் அத்தையும் உங்கள் டிரைவிங் ஸ்கூலின் இரண்டு கார்களும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய பெட்டி வந்து ஆறு வாரமாகிறது. இவ்வளவு தாமதமாக எழுதுகிறேனே என்று கோபிக்காதீர்கள். இந்தக் கடிதத்தையே அவள் தூங்கும் நேரம் பார்த்து மூன்று நாளாகத் துண்டு துண்டாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை குழந்தையை முதல்முறையாகப் பார்க்க வருவதாக எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குத் தைரியம் வர வேண்டுமென்றால் நடந்ததை முதலில் சொல்லியாக வேண்டும்.

நான்காவது மாதம் முடி கொட்ட ஆரம்பித்தது. சும்மா இல்லை மாமா, குளியலறைச் சல்லடையில், தலையணையில், குழந்தையின் விரல் இடுக்கில், ஒரு நாள் உங்கள் மாப்பிள்ளையின் காபியில். டாக்டரம்மா, "பிரசவத்துக்கு அப்புறம் நெறைய பேருக்குக் கொட்டும், கொஞ்ச மாசத்துல தானா வந்துடும்மா" என்றார். அதோடு நான் திரும்பி வந்திருக்கலாம். படித்தவள் அல்லவா, மாத்திரை கேட்டேன். "ஹார்மோன்ல கை வெக்கிறது எதுவும் பால் குடுக்கிறப்போ வேண்டாம்" என்றார். அவ்வளவுதான், அன்றிலிருந்து ஹார்மோன் என்ற சொல் காதில் விழுந்தாலே பால் வற்றிவிட்ட மாதிரி எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்போதுதான் உங்கள் நினைவு வந்தது. இருபது வருடமாக ஹார்மோன் பக்கமே போகாமல் வழுக்கையோடு போராடும் மனிதர் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தானே. அம்மாவிடம் சொன்னால் போனிலேயே விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "ஏன்டி, அவன் தலையைப் பாத்துமா அவன்கிட்ட போய் வழி கேட்ட?" நான் விடவில்லை. "தோத்தவருக்குத்தாம்மா எல்லா வழியும் தெரியும்" என்று உங்களுக்காகத்தான் சண்டை போட்டேன். அதை நீங்கள் பாராட்டாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் மேலே உங்கள் கடிதம். "எதைத் தொடங்கும் முன்னும் கண்ணாடியைப் பார். அவசரப்படாதே. ஒரு நேரத்தில் ஒரு கியர்." கண் கலங்கிவிட்டது மாமா. அதற்குக் கீழே ரோஸ்மேரி எண்ணெய், தலையில் உருட்ட முள் முள்ளாக ஒரு குட்டி உருளை, வெங்காயச் சாறு பிழிய மெல்லிய துணி, சிவப்பு வெளிச்சம் வரும் தொப்பி. உருளையைப் பார்த்த உங்கள் மாப்பிள்ளை, "இது முடி வளர்க்கிறதுக்கா, உண்மையை வரவழைக்கிறதுக்கா?" என்று கேட்டுவிட்டுப் பரண்மேல் வைத்துவிட்டார். எண்ணெய் தடவியதில் என் தலையணை உறையோடு அவர் சட்டைக் காலர் மூன்றும் போயிற்று. தொப்பியாவது பிரச்சனை இல்லாமல் இருக்கும் என்று மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அழைப்பு மணி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே போய்க் கதவைத் திறந்தேன். கூரியர்காரர் இரண்டு படி பின்னால் இறங்கி நின்று, "வீட்டுல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்றார். "நான்தாங்க பெரியவ" என்றேன். அவர் நம்பவில்லை, பார்சலைப் படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மிச்சம் வெங்காயம்தான். இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. மில்லில் நூல் சோதிக்கிறவள் நான். புதுச் சாயம் வந்தால் ஒரே துணியில் பாதிக்குப் போட்டு, பாதியைச் சும்மா விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அதே பழக்கம். தலையின் இடப் பாதிக்கு மட்டும் தினமும் வெங்காயச் சாறு, வலப் பாதிக்கு ஒன்றுமில்லை. உதிர்ந்ததை இடம் வலம் என்று இரண்டு டப்பாவில் போட்டு எண்ணி, நோட்டில் எழுதிவைத்தேன். "நட்டநடுவுல வகிடெடுத்து நாட்டைப் பிரிச்சிருக்கா" என்று இவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும் என்று இருந்தேன். பத்தாம் நாள் முறைப்புக்காரி இடப்பக்கம் பால் குடிக்க மாட்டேன் என்றுவிட்டாள். வாய் வைப்பாள், ஒரு இழுப்பு, உடனே விட்டுவிட்டு என்னை ஒரு முறை முறைப்பாள் பாருங்கள், உங்களிடம் பழக வந்து ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவனைக்கூட நீங்கள் அப்படி முறைத்திருக்க மாட்டீர்கள். பிறகு ஒரே வீறிடல். வலப்பக்கம் மாற்றினால் சமர்த்தாகக் குடித்தாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது, வாசனை! சோதனைக்காக வெங்காயத்தை வலப் பாதிக்கு மாற்றினேன். இரண்டே நாளில் வலப்பக்கமும் வேண்டாம் என்றாள். இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்?

ஏழு தடவை தலைக்குக் குளித்தாயிற்று மாமா. வாசனை போனபாடில்லை, அவளும் தூக்கக் கலக்கத்தில் தவிர வாய் வைத்தபாடில்லை. போன வாரம் எடை பார்த்ததில் ஒரு கிராம்கூட ஏறவில்லை. பாலைக் காப்பாற்றத்தான் ஹார்மோன் வேண்டாம் என்று இருந்தேன். இப்போது பால் இருக்கிறது, குடிக்கத்தான் ஆளில்லை. மடியில் போட்டுக்கொண்டு, "குடிடா தங்கம், அம்மாதான்டா, வேற யாருமில்ல" என்று கெஞ்சுகிறேன். யாரோ தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். முடி மொத்தமும் போனால் போகட்டும் மாமா, அவள் பழையபடி குடித்தால் போதும். தொப்பி, துணி, எண்ணெய் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டேன்.

இப்போது அந்த விஷயம். கோபப்படாமல் படியுங்கள். நீங்கள் தினமும் காலையில் தலைக்கு வெங்காயம் பூசாமல் வெளியே இறங்க மாட்டீர்கள். உங்களிடம் கார் ஓட்டப் பழகுகிறவர்கள் நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டு ஓட்டுவது காற்றுக்காக என்றுதான் சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன். அதனால் இந்த ஞாயிறு வர வேண்டாம் மாமா. அவள் பால் மறந்து சோறு சாப்பிடப் பழகியதும் வாருங்கள். இதை எழுதக் கை வரவில்லை. என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவரை வாசலோடு நிறுத்துகிறேன். ஆனால் நானும் இப்போது ஒரு குழந்தைக்குத் தாய், உங்களுக்குப் புரியும்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் இருவர் ஆசியும் என்றும் எங்களுக்கு வேண்டும். முறைப்புக்காரியின் முத்தத்தை இதோடு அனுப்புகிறேன். தாளின் ஓரத்தில் ஈரமாக இருப்பது அதுதான்.

உங்கள் பாசமுள்ள,
அக்கா மகள்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் நம்பாதீர்கள். கிழித்துவிட்டு வேறு எழுதலாம், ஆனால் அதற்கு அவள் இன்னும் மூன்று நாள் தூங்க வேண்டும். இன்று எடை பார்க்கப் போனோம். நர்ஸம்மாவிடம் நோட்டு, இரண்டு டப்பா எல்லாவற்றையும் விரித்துக் காட்டினேன். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் வாய்க்குள் ஒரு விரலை விட்டார். "பல்லும்மா! ஈறு வலிக்குது, சப்புனா இன்னும் வலிக்கும். எந்தப் பக்கம் முதல்ல குடுப்பீங்க?" எப்போதும் இடதுதான் என்றேன். "அப்ப முதல் வலி அங்கதானே வரும். பிள்ளை அந்தப் பக்கத்தைத்தான் வேணாம்னு சொல்லும். வலி ஏற ஏற ரெண்டும் வேணாம்கும்" என்றார். உங்கள் மாப்பிள்ளை ஆட்டோவில் வழி முழுக்க, "உன் தலையை ரெண்டாப் பிரிக்கத் தெரிஞ்சுது, அவ வாயைத் தொறந்து பாக்கத் தோணலியே" என்று கொன்றுவிட்டார். நர்ஸம்மா சொன்னபடி விரலால் ஈறை நீவிவிட்டுக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் குடித்துவிட்டு இப்போது தூங்குகிறாள். வெங்காயத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை மாமா, அதனால் ஒரு முடியும் முளைக்கவில்லை என்பதைத் தவிர. ஞாயிறு வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம், இதைப் படித்தவுடன் கிளம்பிவிடுங்கள், தலையில் எதை வேண்டுமானாலும் பூசிக்கொண்டு வாருங்கள். பக்கத்திலேயே இரண்டாவது பல்லும் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒற்றைப் பல்லோடு அவள் சிரிப்பது இன்னும் சில நாளைக்குத்தான்.